251 வாசல்கள், ஒரே ஒரு மறுப்பு. 128 பதில்கள், ஒரே ஒரு சம்மதம்

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர். ஆசியர்கள் என்றால் முகம் சுளிப்பதற்குப் பேர்போன ஊர். அந்த ஊரிலேயே நல்ல ஹோட்டல் எதுவோ அதற்குள் 1930 வாக்கில் மூன்று பேர் நுழைகிறார்கள். ஒருவர் ரிச்சர்ட் லாபியர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர், வெள்ளையர். மற்ற இருவரும் அவருடைய நண்பர்கள், ஒரு சீன மாணவரும் அவர் மனைவியும். இடம் கிடைக்காது, அவமானப்பட்டுத் திரும்பப் போகிறோம் என்ற படபடப்போடுதான் லாபியர் கவுன்டர் பக்கம் போனார். அங்கே இருந்த குமாஸ்தாவின் புருவம் லேசாக உயர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். தயக்கமே இல்லாமல் அறை கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே வழியாக லாபியர் மறுபடி வந்தார். இந்த முறை நேரில் போகவில்லை. போன் செய்து, "முக்கியமான சீனப் பிரமுகர் ஒருவருக்கு அறை தருவீர்களா?" என்று கேட்டார். வந்த பதில்: முடியாது. மழுப்பல் எதுவும் இல்லாத, நேரடியான முடியாது.

இந்தப் போன் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1934-ல் வெளியான லாபியரின் ஆய்வு. சமூக உளவியலில் மனப்பான்மை பற்றிப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் பாடப்புத்தகங்கள் இதற்குக் கொடுப்பது ஒரு பத்திதான்: "சொல் வேறு, செயல் வேறு என்று லாபியர் காட்டினார்", முடிந்தது. அது எனக்குப் போதவில்லை. இந்த ஒரு சம்பவத்துக்குள் மனப்பான்மை, முத்திரை குத்துதல், நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணம், மனதை மாற்றும் முயற்சி எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் முழுதாகவே பார்த்துவிடலாம்.

முதலில் காலம். 1882-லேயே சீனர் விலக்குச் சட்டம் வந்துவிட்டது, 1943 வரை அது ரத்தாகவில்லை. சீனர்களைப் பற்றிய வெறுப்பு ஏதோ நாலு பேருடைய தனிப்பட்ட கோணல் அல்ல, அரசாங்கமே எழுதி வைத்திருந்த விஷயம். அந்தச் சூழலில்தான் இந்த மூவரும் காரில் கிளம்பி, நாட்டைக் குறுக்காக இரண்டு முறையும், பசிபிக் கடற்கரையோரம் மேலும் கீழுமாகவும் சுமார் 10,000 மைல் சுற்றினார்கள். தங்கும் இடங்கள் 67, உணவகங்களும் கஃபேக்களுமாக 184, மொத்தம் 251 இடங்கள். ஒவ்வொன்றிலும் எப்படி நடத்தினார்கள் என்று லாபியர் குறிப்பு எடுத்துக்கொண்டே வந்தார். முடிந்தவரை அவர் பின்தங்கிவிடுவார். காரில் ஏதோ வேலை இருப்பது போலவோ பெட்டிகளை இறக்குவது போலவோ நின்றுகொண்டு, நண்பரை முன்னால் போய்ப் பேசவிடுவார். உணவகங்களிலும் அவர்கள் முன்னால், இவர் பின்னால். வெள்ளைக்காரர் கூட வருகிறார் என்பதற்காகத்தான் உள்ளே விட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

இன்னொன்றும் செய்தார். இப்படி ஒரு ஆய்வு நடக்கிறது என்பதை அந்தத் தம்பதியிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும் என்பது அவர் கணக்கு. இதற்கு அப்புறம் வருகிறேன், எனக்கு இதில் ஒரு உறுத்தல் இருக்கிறது.

251 இடங்களில் எத்தனை இடத்தில் மறுத்தார்கள் தெரியுமா? ஒன்று. ஒரே ஒன்று. 184 உணவகங்களில் 72-ல் வழக்கத்தைவிடக் கூடுதல் கவனிப்பு கிடைத்தது என்று லாபியர் குறித்திருக்கிறார்.

அந்த ஒரு மறுப்பு கலிஃபோர்னியாவின் ஒரு சின்ன ஊரில் நடந்தது. காரில் வருகிறவர்கள் இரவு தங்க வரிசையாகக் குடில்கள் போட்டிருப்பார்கள், ஆட்டோ கேம்ப் என்று பெயர். அதிலும் சுமாரான ஒன்று. இவர்கள் வந்திருந்ததோ அடிபட்டு நசுங்கிய பழைய கார், அதன் மேல் மூட்டை மூட்டையாகச் சாமான். இருட்டத் தொடங்கும் நேரம். இரண்டு குடில் வேண்டும் என்று கேட்டதும் உரிமையாளர் தயங்கினார், காலி இருக்கிறதோ இல்லையோ தெரியவில்லை என்று இழுத்தார், இழுத்துக்கொண்டே காரை நோக்கி மெல்ல நகர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஆசிய முகங்கள் தெரிந்தன. ஜப்பானியரை இழிவாகக் குறிக்கும் சொல் ஒன்றைச் சொல்லி, அவர்களையெல்லாம் நான் சேர்ப்பதில்லை என்றார். வந்தவர்கள் சீனர்கள். அதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தேவைப்படவில்லை. முத்திரை குத்துவது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு காட்சி கிடைக்காது: முகத்தைப் பார்த்தார், ஒரு பெட்டிக்குள் போட்டார், பெட்டியும் தப்பு, ஆனாலும் முடிவு எடுத்தாகிவிட்டது. அன்று இரவே அதைவிட உயர்தரமான வேறொரு இடத்தில் அவர்களுக்குத் தாராளமான வரவேற்போடு அறை கிடைத்தது.

அந்த உரிமையாளர் மறுப்பதற்கு ஏற்கெனவே ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார், காரும் மூட்டைகளும் அவரைத் தயங்க வைத்திருந்தன, முகம் சாக்காக அமைந்தது என்பதுதான் லாபியரின் கணிப்பு. பயணம் முழுக்க அவர் கவனித்ததும் இதே திசையில்தான் இருந்தது. உடை எப்படி இருக்கிறது, பெட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன, ஆள் சுத்தமாக இருக்கிறாரா, சிரித்துப் பேசுகிறாரா என்பதெல்லாம் தோல் நிறத்தையும் கண்ணின் வடிவத்தையும்விட அதிகம் எடைபோட்டன என்று எழுதினார்.

சரி, இப்போது இரண்டாம் பாதி. போய் வந்து ஆறு மாதம் கழித்து, அதே இடங்களுக்கெல்லாம் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்: "சீன இனத்தவரை உங்கள் இடத்தில் விருந்தினராக ஏற்பீர்களா?" சிலருக்கு இந்த ஒரு கேள்வி மட்டும். சிலருக்கு ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆர்மீனியர், யூதர் என்று பல இனங்களைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இதையும் நுழைத்துவைத்தார். விடாமல் கேட்டுக் கேட்டு 128 இடங்களிலிருந்து பதில் வாங்கினார். உணவகங்கள் 81, தங்கும் இடங்கள் 47. உணவகங்களில் 92 சதவீதம், தங்கும் இடங்களில் 91 சதவீதம் "ஏற்க மாட்டோம்". மிச்சம் பேர், சூழ்நிலையைப் பொறுத்தது என்றார்கள். தம்பதி போயே இராத வேறு 128 இடங்களிலிருந்தும் அதே கேள்விக்குப் பதில் வாங்கிப் பார்த்தார், அங்கும் கிட்டத்தட்ட இதே பதில்கள். ஆக, இந்தத் தம்பதி வந்து போனது காகிதத்தில் ஒரு கீறலைக்கூட ஏற்படுத்தவில்லை.

ஒரே ஒரு "ஆம்" வந்தது. ஒரு சிறிய ஆட்டோ கேம்ப் நடத்திய பெண்மணியிடமிருந்து. அவர் ஆம் என்று எழுதியதோடு நிறுத்தவில்லை, கூடவே ஒரு கடிதமும் வைத்திருந்தார்: போன கோடையில் ஒரு சீனரும் அவருடைய அருமையான மனைவியும் வந்து தங்கினார்கள், அவர்களோடு இனிமையாகப் பொழுது போனது என்று. இந்தப் பெண்மணியை நினைவில் வையுங்கள்.

இதன் பிறகு மனப்பான்மை என்ற சொல்லுக்கே சோதனைக் காலம் வந்தது. 1969-ல் உளவியலாளர் ஆலன் விக்கர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மனப்பான்மைக்கும் செயலுக்கும் உள்ள ஒட்டுறவு (முழுதாகப் பொருந்தினால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0) 0.30-ஐத் தாண்டுவது அபூர்வம், பல இடங்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்று எழுதினார். மனதில் இருப்பதைக் கேட்டு என்ன பயன், தூக்கிப் போடுங்கள் என்கிற அளவுக்குச் சிலர் போனார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. லாபியரின் ஆய்வில் ஓட்டைகள் உண்டு. கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியவரும் அன்று கவுன்டரில் நின்றவரும் ஒரே ஆளா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலாளி எழுதியிருக்கலாம், அறை கொடுத்தவர் குமாஸ்தாவாக இருந்திருக்கலாம். என்னதான் பின்தங்கி நின்றாலும் லாபியர் என்ற வெள்ளையர் கண்ணில் படத்தான் செய்தார். இதெல்லாம் நியாயமான குறைகள். ஆனால் இவற்றையெல்லாம் கழித்தாலும் காகிதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மறுப்பு, நேரில் 251-ல் ஒன்றே ஒன்று என்ற பள்ளம் மூடாது.

அந்தக் கேள்வியையே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "சீன இனத்தவர்." அங்கே மனிதர் யாரும் இல்லை. பதில் எழுதுகிறவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனதில் ஒரு ஆளை வரவழைக்க வேண்டும், வருவது யார்? தான் நேரில் பார்த்த நல்ல உடை போட்ட, சுத்தமான ஆங்கிலம் பேசிய, சிரித்த முகத்து மாணவர் இல்லை. பத்திரிகையும் பேச்சும் சட்டமும் சேர்ந்து வரைந்து கொடுத்திருக்கும் ஒரு உருவம். 1984-ல் லார்ட், லெப்பர், மேக்கி என்ற மூவர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவைப் பற்றி உங்களுக்கு இருக்கும் எண்ணம், அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர் உங்கள் மனச்சித்திரத்தோடு பொருந்தும்போதுதான் உங்கள் நடத்தையைத் தீர்மானிக்கிறது. ஆள் சித்திரத்துக்குப் பொருந்தாவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. வார்த்தை என்பது ஆள் இல்லை என்பதை லாபியர் 1934-லேயே சொல்லியிருந்தார். டிராம் வண்டியில் ஒரு ஆர்மீனியப் பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுப்பீர்களா என்று கேட்டால், பதில் அந்தச் சொல்லுக்குத்தான் வருகிறது, எதிரே நிற்கக்கூடிய உயரமானவளோ குட்டையானவளோ, கிழவியோ இளம்பெண்ணோ ஆன எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

செயல் எவ்வளவு குறிப்பானதோ கேள்வியும் அவ்வளவு குறிப்பாக இருக்க வேண்டும் என்பது உளவியலாளர்கள் ஃபிஷ்பைனும் அய்ஜனும் பின்னால் அழுத்திச் சொன்ன விஷயம். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1979-ல் டேவிட்சனும் ஜக்கார்டும் செய்தது. பெண்களிடம் கருத்தடை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால், அவர்கள் அடுத்த இரண்டு வருடத்தில் கருத்தடை மாத்திரை சாப்பிட்டார்களா என்பதோடு அந்தப் பதிலுக்கு இருந்த ஒட்டுறவு 0.08, அதாவது ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் மாத்திரை சாப்பிடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் 0.57. ஆள் அதே ஆள், மனசு அதே மனசு, கேள்விதான் மாறியது.

இது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1963-ல் சொன்னதில் இருக்கிறது, அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். லாபியர் கண்டதில் முரண்பாடே இல்லை என்றார் கேம்பெல். தடை ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் "மாட்டேன்" என்று எழுதுவது முழங்கால் உயரத் தடை, யார் வேண்டுமானாலும் தாண்டலாம். எதிரே நின்று சிரிக்கும் ஒரு தம்பதியின் முகத்தைப் பார்த்து, பின்னால் மற்ற வாடிக்கையாளர்கள் கவனித்துக்கொண்டிருக்க, "உங்களுக்கு இடம் இல்லை, கிளம்புங்கள்" என்று சொல்வது தலை உயரத் தடை. நடுத்தர வெறுப்பு உள்ளவர் முதலாவதைத் தாண்டுவார், இரண்டாவதில் நின்றுவிடுவார். அவர் பொய்யும் சொல்லவில்லை, மாறவும் இல்லை. அந்த ஹோட்டல் போனில் "முடியாது" என்றது இதனால்தான். போனில் முகம் இல்லை.

சரி, இது உண்மையென்றால் தடைகளின் உயரம் தலைகீழாக மாறும்போது முடிவும் தலைகீழாக வேண்டும் அல்லவா? 70 வருடம் கழித்து அப்படியே வந்தது. டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் 2001-ல் மில்வாக்கி நகரத்தில் நான்கு இளைஞர்களை, இரண்டு கறுப்பினத்தவர் இரண்டு வெள்ளையர், வேலை தேடுகிறவர்களாக 350 நிறுவனங்களுக்கு அனுப்பினார். தகுதிகள் எல்லாம் சமம். ஒவ்வொரு ஜோடியிலும் முறை வைத்து ஒருவர் மட்டும் போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையில் இருந்ததாகச் சொல்வார். திரும்ப அழைப்பு வந்தது இப்படி: குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீதம், பதிவு உள்ள வெள்ளையருக்கு 17, பதிவே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14, பதிவு உள்ள கறுப்பினத்தவருக்கு 5. மூன்றாவது எண்ணையும் இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் பேஜரும் லிங்கன் குவிலியனும் அதே நிறுவனங்களிடம் சர்வே எடுத்தார்கள், 2005-ல் வெளியிட்டார்கள். சிறைக்குப் போய் வந்த ஒருவருக்கு வேலை தருவீர்களா? சுமார் 62 சதவீதம் பேர், தர வாய்ப்பு உண்டு என்றார்கள். சிலரிடம் அந்த ஆளை வெள்ளையர் என்று சொல்லியும் சிலரிடம் கறுப்பினத்தவர் என்று சொல்லியும் கேட்டார்கள், பதிலில் வித்தியாசமே இல்லை. தருவேன் என்று சொன்னவர்கள், மாட்டேன் என்று சொன்னவர்களைவிட நிஜத்தில் அதிகமாக அழைக்கவும் இல்லை.

1934-ல் காகிதத்தில் மறுப்பு, நேரில் சம்மதம். 2005-ல் சர்வேயில் சம்மதம், செயலில் மறுப்பு. மனிதர்கள் நல்லவர்களாகி அப்புறம் கெட்டவர்களாகவில்லை. மறுப்புக்கு எங்கே செலவு கம்மியோ அங்கே அது போய் ஒதுங்கிக்கொண்டது. 1930-களில் ஒரு இனத்தை மொத்தமாக வேண்டாம் என்று எழுதித் தருவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. இப்போது போனில் ஒரு ஆய்வாளரிடம் அப்படிச் சொல்ல நாக்குக் கூசும். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் போடாமல் விடுவதற்கு எந்தக் கூச்சமும் வேண்டாம், யாருக்கும் தெரியாது, சில சமயம் தனக்கே தெரியாது. "தர வாய்ப்பு உண்டு" என்று அந்த முதலாளி சர்வேயில் சொன்னதை அவர் முழுமனதோடு நம்பியிருக்கலாம்.

இங்கேதான் உளவியலாளர் டேரில் பெம் வருகிறார். நம் மனப்பான்மை நமக்கு உள்ளிருந்து தெரிகிறது என்று நினைக்கிறோம், பல சமயம் அப்படி இல்லை, வெளியே நிற்கும் ஒருவர் நம் செயலைப் பார்த்து ஊகிப்பதைப் போலத்தான் நாமும் நம்மை ஊகிக்கிறோம் என்று 1960-களின் கடைசியிலும் 1972-லும் எழுதினார். உள்ளே இருக்கும் குறிப்புகள் மங்கலாக இருக்கும்போது, செயலுக்கு வேறு வெளிக்காரணம் தெரியாதபோது இது நடக்கும். அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். சீனத் தம்பதிக்குச் சோறு போட்டு, சிரித்துப் பேசி, சில இடங்களில் விசேஷமாகவே கவனித்த அந்த 250 இடத்துக்காரர்களும் ஏன் "நான் சீனர்களை ஏற்கிற ஆள்தான்" என்ற முடிவுக்கு வரவில்லை? அவர்கள் செயலுக்கு வெளிக்காரணம் தயாராகக் கையில் இருந்தது: இது என் வேலை, வந்தவர் வாடிக்கையாளர், காசு கொடுக்கிறார். செயல் நடந்தது, ஆனால் அது "என்" செயலாகக் கணக்கில் ஏறவில்லை. தம்பதியைப் பற்றி நினைத்தாலும், "அவர்கள் வேறு மாதிரி, மற்ற சீனர்கள் அப்படியில்லை" என்று ஒரு தனி வேலி போட்டு ஒதுக்கிவிட முடியும். உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் விவரித்த வழக்கம் இது, விதிவிலக்கை மட்டும் வெளியே எடுத்துவிட்டு வேலியை மறுபடி அடைத்துவிடுவது.

அந்த ஆட்டோ கேம்ப் பெண்மணிக்கு மட்டும் ஏன் அது கணக்கில் ஏறியது? கடிதத்தில் இருப்பதை வைத்தே சொல்கிறேன். அவர் அறை வாடகைக்கு விட்டதைப் பற்றி எழுதவில்லை, அவர்களோடு பொழுது போனதைப் பற்றி எழுதினார். உட்கார்ந்து பேசியதற்குக் காசு காரணம் இல்லை. கேள்வித்தாளில் "சீன இனத்தவர்" என்று படித்ததும் அவர் மனதில் வந்து நின்றது செய்தித்தாளில் பார்த்த உருவம் இல்லை, போன கோடையில் வந்த இரண்டு பேர்.

மனதை மாற்றுவது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வாதங்களைத் தேடுகிறார்கள், நல்ல புள்ளிவிவரம் கிடைத்தால் எதிராளி மடங்கிவிடுவார் என்று. டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற அரசியல் அறிவியலாளர்கள் இருவரும் மயாமியில் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு வேறு வழி காட்டுகிறது. பிரச்சாரகர்கள் வீடு வீடாகப் போய் 501 வாக்காளர்களைச் சந்தித்தார்கள், ஒவ்வொருவரிடமும் சுமார் 10 நிமிடப் பேச்சு. சிலரிடம் திருநர்கள் மீதான பாரபட்சம் பற்றி, ஒப்பீட்டுக்காக மற்றவர்களிடம் வேறு விஷயம். திருநர் பற்றிப் பேசப் போனவர்கள் பாடம் நடத்தவில்லை. நீங்கள் மற்றவர்களிலிருந்து வித்தியாசமாக இருந்ததற்காக உங்களை யாராவது தாழ்த்தி எடைபோட்டிருக்கிறார்களா, அப்போது எப்படி இருந்தது என்று கேட்டார்கள், பதிலைப் பொறுமையாகக் கேட்டார்கள். அப்படிப் பேசப்பட்டவர்களிடம் பாரபட்சம் குறைந்தது, மூன்று மாதம் கழித்து அளந்தபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. இதற்கு முன்பு இதே போன்ற ஒரு ஆய்வு வேறு ஆய்வாளர்கள் பெயரில் பரபரப்பாக வெளிவந்து, தரவு நம்பத்தக்கதல்ல என்று 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவர்களில் இந்த இருவரும் உண்டு, அப்புறம்தான் தாங்களே ஒழுங்காகச் செய்து காட்டினார்கள். அந்த 10 நிமிடத்தில் வாக்காளர் செய்தது, தன் வாயால், தன் வாழ்க்கையிலிருந்து, யாரும் காசு கொடுக்காமல் சொன்னது. பெம் சொன்ன நிபந்தனையோடு இது பொருந்துவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த உறுத்தல். தம்பதியிடம் லாபியர் எதையும் சொல்லவில்லை என்றேன். ஆய்வு என்ற கோணத்தில் அவர் செய்தது சரியான கணிப்புதான். வேர்ட், ஸானா, கூப்பர் மூவரும் 1974-ல் வெளியிட்ட நேர்முகச் சோதனை அதைக் காட்டுகிறது. முதலில், வெள்ளை நேர்முகக்காரர்கள் கறுப்பின விண்ணப்பதாரர்களிடம் தள்ளி உட்கார்ந்தார்கள், சீக்கிரம் முடித்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள். அடுத்ததாக, விஷயம் தெரியாத வெள்ளை விண்ணப்பதாரர்களை வேண்டுமென்றே அதே மாதிரி நடத்திப் பார்த்தார்கள். அவர்களும் பதற்றமாகி, மோசமாகப் பதில் சொன்னார்கள். எதிரே இருப்பவரின் எண்ணம் நம் உடம்பில் இறங்கி, நம் குரலாக வெளியே வருகிறது. மறுப்பை எதிர்பார்த்துக்கொண்டு அந்த இருவரும் ஒவ்வொரு வாசலிலும் நுழைந்திருந்தால், லாபியர் அவ்வளவு மதிப்புக் கொடுத்த அந்தச் சிரிப்பு பாதி ஊரிலேயே காய்ந்திருக்கும்.

ஆனால் 10,000 மைல் அவர்கள் சும்மா உட்கார்ந்து வரவில்லை. கலிஃபோர்னியாவில் அந்த மாலை, உரிமையாளர் குனிந்து காருக்குள் பார்த்தபோது, பார்க்கப்பட்டவர்கள் அவர்கள். உயர்ந்த புருவத்தை நேருக்கு நேர் பார்த்தவர்கள் அவர்கள். 251 இடங்களைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது, 128 பதில்கள் அட்டவணையில் இருக்கின்றன, ஆட்டோ கேம்ப் பெண்மணியின் கடிதம்கூட இருக்கிறது. அந்த மாணவரின் பெயரோ அவர் மனைவியின் பெயரோ கட்டுரையில் இல்லை. உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்ட ஒரு வரியும் அதில் இல்லை.